‘வருகிறேன்’ பொத்தான்காரர்

தொண்டு செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத ஓர் இனம் இப்போது இணையத்தில் அமோகமாகப் பெருகிவருகிறது: தொண்டுக்குப் பெயர் மட்டும் கொடுக்கிறவர். இவரைத் தேடி நான் எங்கும் அலையவில்லை ஐயா, என் அக்காள் கணவரே அந்த இனம்தான்.

பல் துலக்கும்போதே கைபேசியில் சேவைத் தளத்தைத் திறந்து, ஏரிக்கரையில் குப்பை பொறுக்க ஆள் வேண்டுமா, ‘வருகிறேன்’, நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டுமா, ‘வருகிறேன்’, தெருநாய்க்குத் தடுப்பூசியா, நாயைக் கண்டால் பத்தடி தள்ளி நடக்கிறவர், அதற்கும் ‘வருகிறேன்’ என்று அழுத்தித் தள்ளிவிட்டு வாய் கொப்பளித்து வந்தால் முகத்தில் தனிக் களை. இருக்காதா பின்னே? மூன்று நல்ல காரியம் முடித்தாயிற்றே! ஏரிக்கரைக் குழுவின் பெயருக்கு வாக்கெடுப்பு, சட்டை நிறத்துக்கு வாக்கெடுப்பு எல்லாம் நடந்தன. குப்பை ஏரிக்கரையிலேயே இருக்கிறது.

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் தையல் டீச்சருக்கு ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. அன்றைக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும் என்று தளத்தில் கேட்டிருந்தார். நம்மவர் அழுத்தினார். ‘ஆள் கிடைத்துவிட்டது’ என்று தளம் கதவைச் சாத்திவிட்டது.

ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள்.

“டேய், எட்டு மணிக்கே வரணுமாம். டீச்சர் காத்துக்கிட்டே இருக்காங்க. இவரு இங்க தொப்பிக்கு என்ன கலருன்னு ஓட்டு எடுத்துக்கிட்டு இருக்காருடா!”

பின்னால் அத்தான் குரல் கேட்டது. “நான் சும்மா ஒரு ஆதரவுக்குத்தானே போட்டேன்? எப்படியும் பத்து பேர் வருவாங்கன்னு நெனச்சேன்.”

அடித்துப் பிடித்துக்கொண்டு காரை எடுத்துப் போனேன். டீச்சர் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“மூணு பேர் வரேன்னு போன்ல கேட்டாங்கப்பா. ஆள் கிடைச்சாச்சுன்னு நானே வேணாம்னு சொல்லிட்டேன்.”

ஆஸ்பத்திரியில் அவருடைய முறை போய்விட்டது. அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தானை மனதுக்குள் வறுத்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டீச்சரின் அந்த அறிவிப்பைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமையே அதன் கீழே ஓர் இதயம் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன், நான்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் கடைசியாக இதயம் போட்டீர்களே ஓர் அறிவிப்பு, அதில் எத்தனை மணிக்கு, எங்கே வரச் சொல்லியிருந்தார்கள்?