கனகசூரியத்துக்கு நாலு வரி

கவியால் ஒரு பிடி அரிசியும் வேகாது. நல்லரத்தினம் நாற்பது வருடமாகப் பிடித்து நிற்கும் கட்சி அது. ஆனால் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். சாவதற்கு முன் பொஞ்சாதி கேதீஸ்வரியிடம் தனக்கென்று ஒரு கவி வாங்கிவிட வேண்டும்.

காரணம் இருந்தது. ஊரில் ஆர் செத்தாலும், முப்பத்தோராம் நாள் அச்சடிக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு அவள்தான் புலம்பல் எழுதுவாள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எண்ணெய்க் கடைக்காரருக்குப் பன்னிரண்டு வரி. அளவு குறைத்து விற்ற மனிசன். உயிரோடு வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு வரி இல்லை.

மகள் சுதர்சனா கனடா போய் ஆறு வருடம். அவர் வீட்டுக்கு முன்னால் கிடக்கும் வாவியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கேதீஸ்வரி புலம்பல் எழுதும் கொப்பியைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். “சோறு.” “ஓம்.” அன்றைய பேச்சு முடிந்தது.

நேரே கேட்க வாய் வராது. ஆகவே இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, உடனே சாகடித்தார்.

“சித்தாண்டியில என்ட கூட்டாளி கனகசூரியம் செத்துப் போயித்தான். மனைவி புலம்பல் நாலு வரி வேணுமாம்.”

கேதீஸ்வரி கண்ணாடியை மாட்டினாள். “எனக்குத் தெரியாத கூட்டாளியா? எப்படிப்பட்ட மனிசன்?”

“நல்ல மனிசன். கதை குறைவு.”

“பொஞ்சாதிட்ட, சாப்பிட்டியா எண்டு கேப்பாரா?”

“மனசுக்குள்ள கேட்டிருப்பான்.”

“அது அவவுக்கு எப்படிக் கேக்கும்? கறி நல்லம் எண்டாவது சொன்னாரா?”

“சட்டிய வழிச்சித் தின்டா நல்லம் எண்டுதானே.”

“இத எழுதினா ஊர் சிரிக்கும். மறுகா, வேற என்ன?”

அவர் தொண்டையைச் செருமினார். “அவ காய்ச்சலில கிடந்தா. அவனும் ரெண்டு நாள் சோறு தின்னல்ல. சொல்லல்ல.”

திறந்த பேனா தாளில் படாமலே நின்றது. “ஏன் சொல்லல்ல?”

“பழக்கமில்ல. மகளும் போயித்தாள். வீடு சத்தமில்லாமக் கிடந்திச்சி. அவ எழுதிக்கிட்டு இருப்பா. குழப்பக் கூடாதெண்டு இருந்திட்டான்.”

“அவ ஏன் எழுதினாவாம்?”

“ஏன்?”

“வீட்டில கதைக்க ஆளில்ல. செத்தாக்களோட கதைச்சா.”

நல்லரத்தினம் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.  பிறகு அவர் வாயால் கனகசூரியம் கதைக்கத் தொடங்கினான். கலியாணமான மூன்றாம் நாள் தோணியில் கூட்டிப் போனது, அவள் கட்டியிருந்த பச்சைச் சேலை, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது. தேத்தண்ணி இரண்டு தரம் ஆறியது. சூரியன் உச்சிக்கு வந்தது.

கடைசியில் கொப்பியை எட்டிப் பார்த்தார். வெறும் தாள்.

“நாலு வரி எங்க?”

“கவி, சொல்லாமச் செத்தாக்களுக்கு. இவர்தான் எல்லாத்தையும் சொல்லித்தாரே.” கொப்பியை மூடினாள். “நாளைக்கும் இந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்க. கதைச்சிக்கிட்டே சட்டியில கிடக்கிற மீனையும் கழுவட்டும். செத்தவருக்குக் கை சும்மாதானே இரிக்கு.”