தோற்றவர்கள் இல்லாத நாடு

வெண்ணாவல் நாட்டு மன்னருக்கு ஒரு சமயம் புற்றுநோய் வந்து, வைத்தியத்தில் குணமானது. மகிழ்ந்துபோன மன்னர், நோயை எதிரி என்றும் குணமானவர்களை வெற்றி வீரர்கள் என்றும் அறிவித்தார். அன்று முதல், குணமான எவரும் மன்னரைப்போலவே தோளிலிருந்து சிவப்புப் பட்டை அணிந்து யானைமேல் வீதியுலா போகலாம். மக்கள் பூத் தூவினார்கள்.

புற்று சிலருக்குத் திரும்பி வரும். சட்டம் எழுதிய அமைச்சர் இதை நினைக்கவில்லை. முதலில் ஒருவருக்குத் திரும்பியபோது அவை கூடியது.

"வென்றவருக்கு மறுபடி வருகிறதென்றால் அவர் காவலில் அசந்திருக்கிறார்" என்றார் அமைச்சர். "வைத்தியர்கள் அதை அப்படியே சொல்ல வேண்டும்."

ஆகவே வைத்தியர்கள் "தோற்றுவிட்டீர்கள்" என்று சொல்லத் தொடங்கினார்கள். தோற்றவர் கோட்டை வாசலில், ஊர் பார்க்க, பட்டையைக் கழற்றித் தர வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. அதன்பின் தோற்றவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒருவரும் இல்லை. அமைச்சர் அதற்கும் ஒரு விழா எடுத்தார்.

செக்காட்டும் மருதாயி யானையில் போனவள். அவள் வைத்தியசாலைப் பக்கமே வராததால் தலைமை வைத்தியர் இளஞ்சேந்தன் வீடு தேடிப் போனார். செக்கடிப் புழுக்கத்திலும் அவள் பட்டை அணிந்திருந்தாள். அவர் வற்புறுத்திய பிறகே கழற்றினாள். அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி.

"எப்பயிருந்தும்மா?"

"மழைக்கு முன்னாலயே. அப்ப சுண்டைக்காயாட்டம்தான் இருந்துச்சு."

"அப்பவே வந்திருக்கலாமே, தாயி."

"வந்தா தோத்துட்டேன்னுதானே சொல்வீங்க? யானையில போனவ பொண்ணுன்னுதான் எம்புள்ளையக் கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. நான் என்னய்யா தப்புப் பண்ணுனேன்? தின்னது தப்பா, தூங்குனது தப்பா?"

வைத்தியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ ஒண்ணும் பண்ணல. நோய் திரும்பியிருக்கு, அவ்வளவுதான்."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல" என்றாள் மருதாயி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

கட்டி, அறுத்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தது.

அவையில் இதைச் சொல்லிவிடுவது என்று வைத்தியர் போனார். சித்திரை வெயிலில் அவையோர் மேலாடையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்கள். மன்னர் மட்டும் பட்டையைத் தளர்த்தவில்லை. வலக்கையால் அதை இடது அக்குளோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"இந்த ஆண்டும் தோற்றவர் எவருமில்லை, மன்னா" என்று அமைச்சர் அறிவித்தார்.

அவை கைதட்டியது. மன்னர் வைத்தியரையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் வாயைத் திறந்தார். நோய் திரும்பியதற்கு அந்த அவையில் இருந்த ஒரே சொல் "தோற்றுவிட்டீர்கள்" என்பதுதான்; வாயை மூடிக்கொண்டார்.

பிறகு மன்னரும் பாராட்டினார். வலக்கையைப் பட்டையிலிருந்து எடுக்காமல், இடக்கையால் மெல்லத் தம் தொடையைத் தட்டினார்.