நாற்பத்தோராம் புள்ளியில் வீடு இல்லை

மனித குலத்தின் மாபெரும் சாதனை எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரு தரப்பினருமே விவரம் தெரியாதவர்கள். ஓர் இடத்துக்குப் போகாமலேயே அந்த இடத்தைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லும் வித்தை இருக்கிறதே, அதுதான் சாதனை. அந்த வித்தையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் சொல்கிறேன்.

எங்கள் 'நிலப்போர்வை மாற்றக் கண்காணிப்பு மையம்' நான்காவது மாடியில் இருக்கிறது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒரு முறை காட்டைப் படம் பிடித்து அனுப்பும். நாங்கள் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். திரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். எங்கள் இயக்குநர் "எழுநூறு கிலோமீட்டர்" என்று தொடங்காமல் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. ஆகவே அலுவலகத்தில் அவருக்கு 'எழுநூறு' என்றே பெயர். காட்டில் எந்த மரம் சாய்ந்தாலும் அவருக்குத் தெரியும். இது மட்டும் தெரியாது.

படத்தில் காடு சின்னச் சின்னச் சதுரங்களாக வரும். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஏழு பெயர்களில் ஒன்றைச் சூட்ட வேண்டும்: அடர் காடு, புதர், வயல், நீர், கட்டடம், வெற்று நிலம், 'இதர'. ஒரு சதுரத்துக்கு ஒரு பெயர்தான், அதற்கு மேல் கேட்டால் விஞ்ஞானம் அனுமதிக்காது. ஒருமுறை நீலத் தார்ப்பாய் போட்ட லாரிகள் வரிசையாக நின்ற மைதானத்துக்கு 'நீர்' என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்று வருடம் அது ஏரியாக இருந்தது. மீன்வளக்காரர்கள் குஞ்சு விட அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். நாங்களும் 'ஆட்சேபணை இல்லை' என்று பதில் போட்டோம்.

படம் சொல்வது சரிதானா என்று வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பதும் உண்டு. அதற்குக் 'களச் சரிபார்ப்பு' என்று பெயர். அறுபது புள்ளிகள், அத்தனைக்கும் நான்தான் போவேன். கையில் இடம் காட்டும் கருவி, கக்கத்தில் படிவம். புள்ளியில் நின்று நான்கு திசையிலும் நான்கு படம் எடுத்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்பத்தோராம் புள்ளி ஒரு வீட்டு வாசற்படியில் விழுந்தது. இரண்டு பெரிய மரங்கள் தலைக்கு மேல் கிளை கோத்து நிற்க, அடியில் இரண்டு அறை கொண்ட மண்சுவர் வீடு. தேனீப் பெட்டிகள் வைத்திருந்த அக்கா ஒருவரும் அவர் கணவரும் அங்கே மொத்தம் இருபத்தாறு வருடம் குடியிருந்தார்கள். முதல் வருடம் போனபோதே அக்கா படியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார், சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். மூன்று திசையில் மரம்; படம் எடுத்துக்கொண்டேன். நான்காவது திசையில் கதவு. படிவத்தில் 'கதவு' என்று ஒரு வகை இல்லாததால், மூன்றாவது படத்தையே இன்னொரு முறை எடுத்தேன். செயற்கைக்கோளும் மேலிருந்து மரத்தைத்தான் பார்த்திருந்தது. 'அடர் காடு, படத்துடன் பொருந்துகிறது' என்று எழுதினேன். அப்படியே ஏழு வருடம், ஏழு கையெழுத்து. எங்கள் மையத்தின் துல்லியம் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று வெளிநாட்டிலிருந்து கேடயமே வந்தது.

பிறகு காடு பற்றிக்கொண்டது. ஆறு நாள் எரிந்தது. அக்காவும் கணவரும் ஓடைக்குள் படுத்து உயிர் பிழைத்தார்கள். வீடும் பெட்டிகளும் மிஞ்சவில்லை.

எங்கள் மையத்தில் திருவிழாக் கூட்டம். எரிந்த நிலத்தை மிதமாக எரிந்தது, கடுமையாக எரிந்தது என்று வண்ணம் பிரித்துப் படம் போட்டோம். எழுநூறு அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டச் சொன்னார். "இவ்வளவு சுத்தமா ஒரு தீ எல்லாருக்கும் கிடைச்சிடாது" என்று சொல்லி எல்லோருக்கும் கை கொடுத்தார்.

வீடு இழந்தவர்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொள்ள மையம் 'இழப்புச் சான்று' தரும் என்று அறிவிப்பு வந்தது. விதி மிக எளிமையானது: தீக்கு முந்தைய படத்தில் வீடு இருக்க வேண்டும், பிந்தைய படத்தில் இருக்கக் கூடாது. அக்காவின் வீடு இரண்டாவது நிபந்தனையை மட்டும் பூர்த்தி செய்தது. விண்ணப்பம் திரும்பிப் போயிற்று.

மழைக்காலம் நெருங்கியதால் அக்கா நான்கு தகரத்தை நிறுத்திக் கூரை போட்டுக்கொண்டார். மேலே மறைக்க மரம் ஏது? இருபத்தாறு வருடம் ஒரு வீட்டைக் காணாத செயற்கைக்கோள், அந்தத் தகரத்தை ஐந்தே நாளில் கையும் களவுமாகப் பிடித்தது. 'அடர் காடு இருந்த இடத்தில் புதிய கட்டடம்' என்று திரை சிவப்பாகச் சிமிட்டியது. வீடு கட்டுவதற்காகக் காட்டைக் கொளுத்தியது யார் என்ற கேள்வியும் அதிலிருந்து தானாகவே முளைத்தது. விளக்கம் கேட்டு அக்காவுக்கு ஓலை போயிற்று.

விசாரணைக்கு அக்கா நான்கு மாடி ஏறி வந்தார். மின்தூக்கி ஊழியர்களுக்கு மட்டும்தான். எழுநூறு மிகுந்த மரியாதையுடன் நாற்காலி போடச் சொன்னார். அவர் அந்த விஷயத்தில் குறை வைக்க மாட்டார்.

"அம்மா, தீக்கு முந்தின படத்துல உங்க வீடே இல்லையே."

"மரத்துக்குக் கீழ இருந்துச்சு சார். அதான் வெயில் தெரியாம இருந்தோம்."

"இருபத்தாறு வருஷம்னு சொல்றீங்க. ஒரு தடவையாவது வெளிய தெரியிற மாதிரி இருந்திருக்கலாமே."

"யாருக்குத் தெரியணும்னு இருக்கறது சார்? வந்தவங்களுக்குத் தெரிஞ்சுது." அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி வருஷா வருஷம் வருவாரு. எங்க வாசப்படியில உக்காந்துதான் எழுதுவாரு. அவரைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் அக்காவுக்கு வீடு. சொன்னால் என்னுடைய ஏழு கையெழுத்தும் பொய். மற்ற ஐம்பத்தொன்பது புள்ளிகளைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். கேடயம் இயக்குநரின் மேசையில் என்னைப் பார்த்தபடி இருந்தது.

"படிவத்துல அடர் காடுன்னுதான் சார் இருக்கு" என்றேன்.

"படிவத்தை விடுங்க. நீங்க என்ன பாத்தீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"படிவத்துல இருக்கறதைத்தான் சார் பாத்தேன்."

எழுநூறு திருப்தியுடன் தலையாட்டினார். இதுதான் 'நிறுவன நேர்மை' என்று பிற்பாடு என்னைத் தனியே பாராட்டினார்.

துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்த அக்கா, என் மேசையருகே நின்றார்.

"போன வருஷம் உங்க வீட்டுக்குன்னு ஒரு பாட்டில் தேன் கேட்டீங்களே தம்பி. நான் உள்ள போய் எடுத்துட்டு வந்தேன். அது எதுக்குள்ள போனேன்?"

எனக்கு முகம் சுட்டது. குளிர்சாதனத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் தகரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றும்போது மையத்தின் சார்பில் நானும் போக வேண்டியிருந்தது. ஆட்கள் தகரத்தைப் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள். அக்காவும் அவர் கணவரும் இரண்டு மூட்டையோடு கரித் தரையில் நடந்து போனார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் வகையும் படிவத்தில் இல்லை. கணவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அக்கா பார்க்கவில்லை.

லாரியின் படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்: 'நாற்பத்தோராம் புள்ளியில் வீடு இல்லை. நேரில் சரிபார்க்கப்பட்டது.' எட்டு வருடத்தில் அந்த இடத்தைப் பற்றி நான் எழுதிய முதல் உண்மை அது. அதை உண்மையாக்க ஒரு லாரியும் நான்கு ஆட்களும் நானும் தேவைப்பட்டோம்.