நான்கு ஆமாம், ஓர் இல்லை

தகட்டுக்காரர் அன்று காலை ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இன்னும் ஆறு நாள்களுக்குத் தம் வாயைப் பூட்டிக்கொள்வது. தேவைப்பட்டால் சாவியை விழுங்கிவிடுவது.

கேட்பவர்களுக்கு இது சிறிய முடிவாகத் தோன்றலாம். அவர் வாயை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். ஓட்டைப் பானையில்கூடத் தண்ணீர் சற்று நேரம் நிற்கும். அவரிடம் ஒரு ரகசியம் அத்தனை நேரம் நின்றதாகச் சரித்திரம் இல்லை. சென்ற ஆண்டு முகச்சவரத்தின்போது, கழுத்தில் கத்தி இருந்த நிலையிலும் தலையைத் தூக்கி, சிறந்த நடிகர் யார் என்பதை நாவிதரிடம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி சாய்ந்தார்.

பித்தளைத் தகடுகளில் பெயர் வெட்டுவது அவர் தொழில். அவ்வூரில் ஆண்டுதோறும் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். படங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு ஓடி முடியும். திங்கட்கிழமை காலையில், விருது பெற்றவர்களின் பட்டியல் அரக்கு முத்திரையிட்ட உறையில் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். கோப்பைகளின் அடியில் பதிக்க எட்டுத் தகடுகளை அவர் வெள்ளிக்கிழமைக்குள் வெட்டித் தர வேண்டும். விருது வழங்குவது சனிக்கிழமை மாலை. ஆக, வென்றவர்களுக்கே தெரியாத வெற்றி ஆறு நாள்களுக்கு அவருக்குத் தெரியும். இந்தப் பெருமையை மென்று விழுங்குவதென்றால் எளிதா?

"இந்த வருஷம் ஒரு எழுத்து வெளிய போச்சுன்னாலும், அடுத்த வருஷம் தகடு வேற எடத்துல" என்று விழாச் செயலாளர் உறையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவியின் தலை தெரிந்தது.

"என்னங்க, அண்ணன் வேலையிலேருந்து ஓய்வாயிட்டாரு. இனிமே நம்மளோடதான் இருக்கப்போறாரு. பின்னறையக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்க."

தகட்டுக்காரருக்கு உச்சந்தலையில் இடி விழுந்தது. மைத்துனர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். விசிலை ஒப்படைக்காமலே ஓய்வு பெற்றவர். தாம் விடியுமுன் எழுவதோடு நிற்காமல், கண்ணில் பட்டவரையெல்லாம் எழுப்பிக் குனிந்து காலைத் தொடச் சொல்பவர். அது கிடக்கட்டும். அந்தப் பின்னறை மீது தகட்டுக்காரருக்கு முப்பத்தோர் ஆண்டுக் காதல்.

"முடியவே முடியாது. பின்னறை என் தொழிலுக்கு வேணும். வடக்குப் பார்த்த ஜன்னல். வெளிச்சம் ஆடாம விழும். முன்னறையில உக்காந்தா போறவன் வர்றவன் எல்லாம் மணி கேக்கறான்."

"கேட்டா சொல்லிட்டுப் போங்களேன். மணி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"இது ரகசிய வேலைம்மா! உலகமே என்னை நம்பிக் குடுத்திருக்கு."

"உலகத்துக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்க வாயிலயாவது, ரகசியமாவது!"

"பந்தயம் கட்டுறியா?"

"கட்டுறேன். சிறந்த படம் எதுன்னு சனிக்கிழமை மேடையில சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாம வச்சிருங்க. பின்னறை உங்களுக்கு. அண்ணனை வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிருச்சு, அறை அண்ணனுக்கு."

"மேசையத் தொறக்கக் கூடாது. சாவியத் தொடக் கூடாது."

"நான் ஏங்க தொடறேன்? வாயால கேப்பேன். அவ்வளவுதான்."

தகட்டுக்காரர் போருக்கு ஆயத்தமானார். மாதிரி எழுதிப் பார்த்த தாள்களை எரித்தார். பித்தளைத் துகள்களையும் கூட்டி அள்ளினார். வெட்டி முடித்த தகடுகளைத் துணியில் சுற்றி இழுப்பறையில் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதும் சாவி குளித்தது.

மனைவியும் பக்கத்து வீட்டுத் தையற்காரியும் போட்டிப் படங்கள் ஐந்தையும் நகர மன்றத்தில் பார்த்து முடித்திருந்தார்கள். அந்நிய மொழிப் பெயர்கள் நாவில் நிற்காதபடியால் அவற்றுக்குத் தாங்களே பெயரும் சூட்டியிருந்தார்கள். மலையேறும் ஆட்டை மூன்று மணி நேரம் காட்டியது ஆட்டுப் படம். பழுது பார்க்க வந்தவரே உள்ளே சிக்கிக்கொண்டது லிஃப்டுப் படம். வயதான தபால்காரர் நீச்சல் பழகியது நீச்சல் படம். எதுவுமே கண்ணுக்குப் புலப்படாதது இருட்டுப் படம். ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு பதினோர் ஆண்டுகள் பேசாமலிருந்த அக்காள் தங்கையைப் பற்றியது அடுப்புப் படம்.

செவ்வாய்க்கிழமை காலை, காபியை நீட்டியபடியே மனைவி கேட்டாள்.

"ஆட்டுப் படந்தானே?"

அவர் பேசவில்லை.

"சரி. மௌனம் சம்மதம்."

"யாரு சம்மதம்னு சொன்னது?"

"அப்ப ஆடு இல்லையா?"

"நான் ஆடு இல்லைன்னு சொன்னேனா?"

காபி ஆறிப்போயிற்று. அவருக்கு அப்போதுதான் உறைத்தது: பேசினாலும் வம்பு, பேசாவிட்டாலும் வம்பு. அன்று பகல் முழுவதும் உளி ஒரு பக்கம் ஓடியது, மூளை ஒரு பக்கம் ஓடியது. கட்டைவிரலை இரண்டு முறை வெட்டிக்கொண்டார். மூன்றாம் முறை வெட்டுவதற்குள் யோசனை பிறந்துவிட்டது. ஆகா! பொய்யான பெயருக்கெல்லாம் 'ஆமாம்' என்பது. மெய்யான பெயருக்கு 'இல்லை' என்பது. எந்த 'ஆமாம்' எந்த ஊர் 'ஆமாம்' என்று தெரியாமல் அவள் திண்டாட வேண்டும்!

நேரே சமையலறைக்குப் போனார். "காலையில கேட்டியே, ஆட்டுப் படமான்னு? ஆமாம்!"

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை காலை தையற்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவ லிஃப்டுப் படம்னு சொல்றா."

"ஆமாம்."

"நேத்து ஆடுன்னீங்க?"

"அதுவும் ஆமாம். இதுவும் ஆமாம்."

"ஏன் அண்ணா, ஆடு லிஃப்டுல ஏறிருச்சா?" என்றாள் தையற்காரி.

அன்று மாலை நீச்சல் படத்துக்கும் ஓர் 'ஆமாம்' கிடைத்தது. வியாழன் காலையில் இருட்டுப் படம்.

"ரெண்டரை மணி நேரம் ஒண்ணுமே தெரியலீங்க. பக்கத்துல தையக்காரி தூங்கினதுகூடத் தெரியல. அதுக்கா குடுத்தாங்க?"

"ஆமாம்! அதுல இருட்டே நடிச்சிருக்கு. உனக்கு எங்க புரியப்போகுது?"

வியாழன் மாலை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அடுப்புப் படம்?"

தகட்டுக்காரர் அரைஞாண் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எட்டுத் தகடுகளிலும் அந்தத் தகட்டைத்தான் அவர் உயிரைக் கொடுத்து வெட்டியிருந்தார்.

"இல்லவே இல்லை! அதெல்லாம் ஒரு படமா? ரெண்டு பொம்பளைங்க பேசாம இருக்காங்கன்னா எவன் நம்புவான்? அதுக்கு விருது குடுத்தா நான் மீசைய எடுத்துடறேன்!"

மனைவி பெருமூச்சு விட்டாள். "எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நீங்க கெட்டிக்காரர்தான்."

முப்பத்தோர் ஆண்டு இல்வாழ்க்கையில் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது அதுவே முதல் முறை. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை காலை தகடுகளைச் செயலாளரிடம் ஒப்படைத்தார். திரும்பும் வழியிலேயே இரண்டு டப்பா பெயிண்டும் தூரிகையும் வாங்கினார். நான்கு ஆண்டுகளாக மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்த பின்னறையை ஒரே பகலில் ஒழித்தார். ஒட்டடை அடித்தார். ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டார். சுவர் முழுவதும் வெளிர்நீலம் பூசினார். சனிக்கிழமை காலை பார்த்தபோது இரண்டொரு இடத்தில் பழைய கறை தெரிந்தது. நம் அறையல்லவா என்று மறுபடியும் முழுவதும் பூசினார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு மூவரும் தொலைக்காட்சி முன் அமர்ந்தார்கள். தையற்காரி கையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்கக்கூட அவருக்கு அவகாசம் இல்லை, அத்தனை ஆனந்தம். ஆட்டுப் படத்துக்கு ஒளிப்பதிவு விருது. நீச்சல் பழகியவருக்குச் சிறந்த நடிகர் விருது. கடைசியில், சிறந்த படம்: அடுப்புப் படம்! அக்காளும் தங்கையுமாக நடித்த இருவரும் மேடையில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தகட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "அறை எனக்கு!"

"இருங்க அண்ணா. அக்கா வியாழக்கிழமை ராத்திரி இதைக் குடுத்தாங்க. விருது சொன்னப்பறம் பிரிக்கச் சொன்னாங்க" என்று தையற்காரி உறையைக் கிழித்தாள். உள்ளே ஒரு சீட்டு. சீட்டில் மனைவியின் கையெழுத்து: 'அடுப்புப் படம்.'

தகட்டுக்காரர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

"சாவியத் தொட்டியா?"

"தொடலீங்க."

"செயலாளர்கிட்டக் கேட்டியா?"

"உங்ககிட்டத்தான் கேட்டேன். இந்த முப்பத்தொரு வருஷத்துல நான் எதைச் சொன்னாலும் 'இல்லை'ன்னுதானே ஆரம்பிப்பீங்க? மழை வருதுன்னா இல்லை. பால் பொங்குதுன்னா இல்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் மூணு நாள்ல நாலு தடவை 'ஆமாம்' சொன்னா, அது நாலும் பொய்னு எனக்குத் தெரியாதா? மிச்சம் இருந்தது ஒண்ணுதான். அதுக்கு மீசையையே பணயம் வச்சீங்க."

"இது பித்தலாட்டம்!"

"பித்தளை உங்களது. ஆட்டம் மட்டுந்தான் என்னோடது."

தகட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வியாழக்கிழமையே தெரிஞ்சிருச்சில்ல? அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, ரெண்டாவது கோட்டிங் அடிச்சிருப்பீங்களா?"