முள் சிஸ்டரும் மரவள்ளிக் கிழங்கும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவீர்கள். சிங்கத்தை விடுங்கள். இந்தக் காட்டில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பெரிய டாக்டர் ஒரு ஆந்தை. பகல் முழுக்க ஓ.பி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். நோயாளிகள் அதைத் தியானம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மற்ற எல்லா வேலையும் நர்ஸ் முல்லைக்கொடி தலையில்.

முல்லைக்கொடி ஒரு முள்ளம்பன்றி. ஆஸ்பத்திரிக்கு ஊசி சப்ளை வந்ததே இல்லை என்பதால், தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, கொதிநீரில் கழுவி, குத்திவிடுவாள். கைராசிக்காரிதான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! முதுகு முள்ளாவது மருந்தோடு போகும். வாய் முள் சும்மாவே குத்தும். "வயித்து வலியா? தின்னும்போது வயித்தைக் கேட்டுட்டா தின்னே?" என்பாள். தும்மின முயலை, "இது என்ன உங்கப்பன் பொந்தா? வெளியே போய்த் தும்மு!" என்று விரட்டுவாள். காட்டில் எல்லாரும் அவளை முள் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

புகார் மேல் புகார் போனது. ஒருநாள் ஆந்தை இதற்கென்றே கண் விழித்தார்.

"முல்லைக்கொடி, நம்ம ஆஸ்பத்திரி விழாவுக்கு மேலதிகாரி ஜே.டி. அம்மா வர்றாங்க. அதுக்குள்ள நீ அன்பாப் பேசக் கத்துக்கலைன்னா, உன்னை முதலைக்குட்டைக்குத் தூக்கிடுவாங்க."

முல்லைக்கொடிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. முதலைக்குட்டைக்குப் போன நர்ஸ் ஒருத்தியும் இதுவரை அங்கிருந்து மாற்றல் கேட்டதில்லை. கேட்க ஆள் மிஞ்சினால்தானே!

"ஐயோ டாக்டர், நான் பிள்ளைகுட்டிக்காரி!"

"அதான் நாடகப் பயிற்சிக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன்..." என்றவர் பாதியிலேயே தூங்கிப்போனார்.

மறுநாள் தோகைநாதன் என்ற மயில் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், நாடகம் நடத்தி, ஊழியர்களுக்கு அன்பு கற்பிப்பதுதான் அதன் தொழில். "நடிச்சு நடிச்சுப் பழகினா அன்பு தானா ஒட்டிக்கும்மா. போன மாசம் முதலைக்குட்டையிலேயே பயிற்சி கொடுத்தேன். முதலைங்க எல்லாம் பாகா உருகிடுச்சுங்க. என் குழுவில சில பேருக்கு அந்த இடம் அவ்வளவு பிடிச்சுப்போய், திரும்பியே வரலைன்னா பாரேன்!"

நாடகத்துக்குப் பெயர், 'நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம்'. அன்பான நர்ஸாக முல்லைக்கொடி. நோயாளியாக, இருமல் மருந்து தேன்போல இருக்கிறது என்று அடிக்கடி இருமிக்கொண்டு வரும் கரடி கம்பளியப்பன். முதல் வசனம் ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. "வாங்க, சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். முல்லைக்கொடி அதைச் சொன்ன தோரணையில் கம்பளியப்பன் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, "சத்தியமா நான் எடுக்கலைங்க!" என்றான்.

மயில் தலையில் அடித்துக்கொண்டது. "உனக்கு உலகத்துலயே ரொம்பப் பிடிச்சது எதும்மா?"

"மரவள்ளிக் கிழங்கு," என்றாள் முல்லைக்கொடி யோசிக்காமல். "மண்ணுல இருந்து அப்பத்தான் பிடுங்கினது. உப்புப் போட்டு வேகவெச்சு, மாவு மாவா வெடிச்சு..." சொல்லச் சொல்ல அவள் குரலே குழைந்துவிட்டது.

"அதேதான்! இனிமே கரடியைப் பார்க்காதே. அங்க ஒரு கிழங்கு உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுப் பாரு!"

பார்த்தாள். கண் சொக்கியது. "வாங்க... வாங்க என் கிழங்கே... சாப்பிட்டீங்களா?" பாவம் கம்பளியப்பன், பிறந்ததிலிருந்து அவனை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. தேம்பித் தேம்பி அழுதுவிட்டான். அன்றிலிருந்து வார்டில் உள்ள எல்லாரும் முல்லைக்கொடிக்குக் கிழங்குதான். நோயாளிகள் மகிழ்ந்துபோனார்கள். நாக்கில் எச்சில் ஊறுவதைத்தான் அவளால் நிறுத்த முடியவில்லை.

விழா நாள் வந்தது. காட்டுச் சுகாதாரத் துறைக்கே பெரிய அதிகாரியான ஜே.டி. அம்மா முன்வரிசைச் சோபாவில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். அவர் ஒரு சிறுத்தை. திரை விலகியது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க என் கிழங்கே," என்று முல்லைக்கொடி கரடியின் பின்பக்கத்தில் முள்ளைச் சுருக்கென்று இறக்கினாள். உள்ளே வெறும் தண்ணீர்தான். ஆனால் என்ன கனிவு, என்ன குழைவு! கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

"ஒன்ஸ் மோர்!"

நாடகம் என்றால் ஒன்ஸ் மோர் கேட்பதும், கேட்டால் மறுபடி செய்வதும் நம் வழக்கமாயிற்றே. ஓரத்திலிருந்து மயில் சைகை காட்டியது. மறுபடி சுருக். மறுபடி ஒன்ஸ் மோர். மறுபடி சுருக்.

"ஐயோ, வலிக்குதுங்க! போதுங்க!" என்று அலறினான் கம்பளியப்பன்.

"அடேங்கப்பா, கரடி என்னமா நடிக்குது!" என்றது கூட்டம். ஜே.டி. அம்மா வால் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்ஸ் மோர்!" என்றார்.

முல்லைக்கொடி புதிதாக ஒரு முள்ளைப் பிடுங்கினாள். கிழங்கை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. அங்கே பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கரடிதான் இருந்தது. "சிஸ்டர், நிஜமாவே வலிக்குது சிஸ்டர்," என்றான் மெதுவாக. நிறுத்தினால் ஜே.டி. அம்மாவையே மறுத்ததாகிவிடும், முதலைக்குட்டை நிச்சயம். நிறுத்தாவிட்டால் இந்த அப்பாவி என்ன ஆவான்? முள்ளைத் தூக்கி எறிந்தாள்.

"நிறுத்துங்கடா! பின்னாடி பேனர்ல என்ன எழுதியிருக்கு? காது கொடுத்துக் கேட்போம்னு! இந்தாளு வலிக்குதுன்னு கத்தறது ஒருத்தர் காதுலயும் விழலையா? ஜே.டி. அம்மா, உங்களைத்தான்! ரெண்டு காது என்ன அழகுக்கா முளைச்சிருக்கு?"

ஆந்தைகூட விழித்துக்கொண்டார். ஜே.டி. அம்மா மெல்ல எழுந்தார். தொலைந்தோம் என்று முல்லைக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒன்ஸ் மோர்!" என்றார் ஜே.டி. அம்மா.

வேறு வழியில்லாமல் அவள் மொத்தத் திட்டையும் இன்னொரு தடவை திட்டினாள். எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவன் கம்பளியப்பன்தான்.

ஜே.டி. அம்மா மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். அது முள்ளில் மாட்டிக் கிழிந்தது. "நோயாளிக்காக இப்படித் துடிக்கிற நர்ஸை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை," என்றார் தழுதழுத்த குரலில். "இவ்வளவு அன்பு இந்த ஒரு ஆஸ்பத்திரியில முடங்கிக் கிடக்கலாமா? எந்த ஊர்ல நர்ஸே நிலைக்க மாட்டேங்கிறாங்களோ, அங்கதான் இவங்க தேவை. நாளைக்கே முதலைக்குட்டையில சேர்ந்துடட்டும்!"

"ஐயோ வேண்டாம்மா!" என்று முல்லைக்கொடி கதறி அழுதாள்.

"அடடா, ஆனந்தக் கண்ணீர்!" என்றது கூட்டம். பின்வரிசையிலிருந்து எவனோ அதற்கும் ஒன்ஸ் மோர் கேட்டான்.

மறுநாள் தகரப் பெட்டியும் கையுமாக முல்லைக்கொடி முதலைக்குட்டைக் கரையில் நின்றாள். தண்ணீர் விலகியது. ஒரு பெரிய முதலை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பார்க்கப் பார்க்க அதன் கண் சொக்கியது, குரல் குழைந்தது.

"வாங்க சிஸ்டர்... வாங்க என் கெளுத்தி மீனே!"

அந்தப் பார்வை முல்லைக்கொடிக்குத் தெரிந்த பார்வை. அதே வாத்தியார், அதே பாடம். முள்ளையெல்லாம் விறைத்துக்கொண்டு, ஒரு அடி பின்னால் வைத்து, தனக்குத் தெரிந்த அந்த ஒரே வசனத்தைக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க," என்றது முதலை.

நீதி: யார் உங்களை உருகி உருகிப் பார்த்தாலும், முதலில் 'சாப்பிட்டாச்சா?' என்று விசாரியுங்கள். பண்புக்கும் அது அழகு, ஓடுவதற்கும் அவகாசம் கிடைக்கும்.