நாற்பது தளங்களில் என் மரண அறிவித்தல்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனைப் பற்றி விலாவாரியாக எழுதுவது ஒரே ஒரு முறைதான். எங்கே பிறந்தான், எங்கே இருந்தான், யாருடைய மகன், யாருக்கு மச்சான் என்று ஒன்றும் விடாமல் எழுதி, மேலே ஒரு படமும் போடுவார்கள். சம்பந்தப்பட்டவருக்கு அதை வாசிக்கக் கொடுத்து வைப்பதில்லை. எனக்குக் கொடுத்து வைத்தது. வாசித்தேன், எழுத்துப்பிழையும் திருத்தினேன். ஏனென்றால் அதை எழுதிய மகானும் நானேதான்.

கொக்குவிலில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடு வளவுகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வளவு கூட்டுவது, கிணறு இறைப்பது, கறையான் புற்றைத் தட்டுவது, எல்லாவற்றையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவது. (படத்தில் வீடு நன்றாகத்தான் இருக்கும். நேரில் பார்த்தால் அழுகை வரும்.) நாள் முழுக்கப் பூட்டிய வீடுகளுக்குள் திரிகிறவனின் மனம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் என் மனமும் இருந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் இல்லை. வீட்டில் நானும் இருதய வருத்தக்கார அம்மாவும் மட்டும்.

தொழிலைப் பெருக்க ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். 'கிணறு ஏன் நாறுகிறது?', 'ஆளில்லாத வீட்டை என்ன செய்வது?' என்றெல்லாம் உருக்கமாக எழுதினேன். ஆறு மாதத்தில் ஐந்து பேர் வாசித்தார்கள். அதில் நான்கு பேர் நான்.

அப்போதுதான் ஒன்லைன் மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் வீடியோ கண்ணில் பட்டது. "எழுதினதை உங்கடை வலைப்பதிவிலை மட்டும் வைச்சிருந்தால் ஆர் காணப்போகினம்? கட்டுரைகளைச் சேத்து வைக்கிற தளங்கள் எத்தினை கிடக்குது! அதையே அங்கையும் போடுங்கோ. கட்டுரைக்குக் கீழை உங்களைப் பற்றி ஒரு அறிமுகம் எழுதி, இணைப்பையும் குடுங்கோ. சனம் தேடி வரும்" என்றார். சனம் தேடி வரும் என்ற விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

கட்டுரைகள் தயாராக இருந்தன. அறிமுகம்தான் இடித்தது. என்னைப் பற்றி நான் எழுதியதில்லை, பிறர் எழுதவும் நான் ஒன்றும் வெட்டிக் கிழித்ததில்லை. ஒரு ஆளைப் பற்றி எழுதுவதென்றால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. அதிலும் நான் ஏற்கனவே கையைச் சுட்டுக்கொண்டவன்.

நான்கு வருடத்துக்கு முன் ஐயா செத்தபோது மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். அந்த அவசரத்தில், ரொறன்ரோவில் இருக்கும் சுகந்தி அண்ணியின் பேரை விட்டுவிட்டேன். அங்கேயிருந்து அண்ணை போன் எடுத்தார்.

"என்ரை மனிசி இந்தக் குடும்பத்திலை இல்லையோடா?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் சொன்னது: "செத்தவரைப் பற்றிக் கதையுங்கோ அண்ணை. இருக்கிற ஆக்களின்ரை பேரைப் பிறகு பாப்பம்." (நாக்கை அறுத்திருக்க வேண்டும்.) அன்றோடு கதை பேச்சு நின்றுபோனது. ஞாயிறுதோறும் அவர் அம்மாவுக்கு போன் எடுப்பார், நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

"நீ ஒருக்காக் கதை மோனை. நீ கதைச்சால் அவன் வருவான். கண் மூட முந்தி நான் அவனை ஒருக்காப் பாக்கோணும்" என்று அம்மா கெஞ்சுவா.

"பிழை விட்டது நான்தான். ஆனால் கோவிச்சுக்கொண்டு போனது அவரல்லோ? அவரே முதல் கதைக்கட்டும்."

என்ன நியாயமோ! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, இந்த முறை ஒரு பேரும் விடுபடக் கூடாது என்ற பயத்தோடு உட்கார்ந்து எழுதினேன்:

'மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், கொக்குவிலை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா குகதாசன் அவர்கள், காலஞ்சென்ற கந்தையா மற்றும் பூமணியின் அன்பு மகனும், ரொறன்ரோவில் வசிக்கும் சுகந்தியின் பாசமிகு மைத்துனரும், சிவதாசனின் ஆருயிர்ச் சகோதரரும் ஆவார். அன்னார் வீடு வளவு பராமரிப்பில் நீண்டகாலம் சேவையாற்றியவர். இதனை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

கீழே 'தொடர்புகளுக்கு' என்று என் போன் இலக்கம். அன்புக் கணவர் என்ற வரிக்கு ஆளில்லாததால் அதை மட்டும் விட்டேன். அந்தத் தளங்களில் படமும் கேட்டார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் கைவசம் இருந்தது. வாசித்துப் பார்த்தேன். ஆகா, எவ்வளவு கௌரவம்! மூன்று நாள் இருந்து, நாற்பது தளங்களில் கட்டுரையையும் அறிமுகத்தையும் ஏற்றினேன்.

நாலாம் நாள் அச்சுவேலியில் ஒரு வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தபோது, சேர்ட் பையில் இருந்த போன் உள்ளே விழுந்தது. கிணற்றை இறைத்து முடிக்க இரண்டு நாள். கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பி, அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

அந்த இரண்டு நாளில் ரொறன்ரோவில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னா. யாரோ ஒருவர் கட்டுரையை விட்டுவிட்டு, அறிமுகத்தையும் படத்தையும் மட்டும் வெட்டி எடுத்து, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று அவவுக்கு அனுப்பியிருக்கிறார். அண்ணி வாசித்தாவாம். தன் பேர் அண்ணையின் பேருக்கும் முன்னால் இருந்ததாம். "அப்பவே எனக்கு விளங்கீட்டுது, உண்மைதான் எண்டு. நீர் உயிரோடை இருந்தால் என்ரை பேரைப் போட்டிருப்பீரோ?"

அண்ணை என் இலக்கத்துக்கு எடுத்தார். போன் கிணற்றுக்குள். பிறகு அம்மாவுக்கு எடுத்தார்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"கத்தரிக்காய் வெட்டுறன் மோனை. என்ன, குரல் அடைச்சுக் கிடக்கு?"

"தடிமன். தம்பி எங்கை?"

"ரெண்டு நாளா வீட்டை வரேல்லை. அச்சுவேலியிலை கிணத்து வேலையாம்."

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டு ஆக்கள்தான் வந்து சொல்லிச்சினம்."

இருதய வருத்தக்காரத் தாய்க்கு எங்கள் ஆட்கள் சாவைச் சட்டென்று சொல்லமாட்டார்கள். ஏதாவது பொய் சொல்லி, மெல்ல மெல்லத்தான் சொல்வார்கள். அம்மாவுக்கு மறைத்திருக்கிறார்கள் என்று அண்ணை முடிவு கட்டிவிட்டார். வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன்.

"ஆரைக் கேக்கிறது? கேட்டால் ஓமெண்டு சொல்லிப்போடுவாங்கள் எண்டு பயமாக் கிடந்தது" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, காலையில் கிணற்றடியில் சாரத்தோடு நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தேன். வாசல் படலையடியில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கிய மனிதர் படலையைப் பிடித்துக்கொண்டு பெருங்குரல் எடுத்து அழத் தொடங்கினார்.

"ஐயோ என்ரை தம்பி! உன்னோடை ஒரு வார்த்தை கதைக்காமல் விட்டிட்டனே! நாலு வருசம், நாலு வருசம்!"

அண்ணை! அவரே முதல் கதைக்கட்டும் என்று நான்கு வருடம் முறுக்கிக்கொண்டு இருந்தேன். கதைத்துவிட்டார். வாய் நிறைய நுரையோடு எட்டிப் பார்த்து, "வாங்கோ அண்ணை" என்றேன். அண்ணை போட்ட சத்தத்தில் வான்காரர் றோட்டுக்கே ஓடிவிட்டார். அண்ணை நெருங்கி வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். உறுதியானதும் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அழுதார், இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அண்ணியின்ரை பேரை..."

"வாயை மூடடா விசரா."

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தா. அண்ணையைக் கண்டதும் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டா.

"என்ரை ராசா! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாய்! ஏன் மோனை அழுகிறாய்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உங்களைப் பாக்கத்தான் அம்மா வந்தனான்."

அம்மா அதை நம்பினா. ஊர் முழுக்கச் சொன்னா. மூன்று கிழமை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, மயிலிட்டியில் இருந்து மீன் எடுப்பித்துச் சமைத்துக்கொண்டே இருந்தா. அண்ணையின் பெட்டிக்குள் இருந்த புதுப் பட்டு வேட்டி ஏனென்று கேட்டபோது, "தம்பிக்கு" என்றார் அவர். பொய் இல்லை. என்னைச் சவப்பெட்டிக்குள் வைக்கும்போது உடுத்தத்தான் வாங்கி வந்திருந்தார்.

புது போன் வாங்கி அதே இலக்கத்தைப் போட்டதும் அனுதாபச் செய்திகள் வந்து குவிந்தன. கூடப் படித்த ஒருவன், 'நல்ல மனுசன், ஆனால் முன்னுக்கு வராமல் போயிட்டான்' என்று எழுதியிருந்தான். இன்னொருவர், அன்னாரின் வளவு விலைக்கு வருமா என்று கேட்டிருந்தார். வீட்டைப் பார்த்துத் தரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்து மாதத்தில் அம்மா நித்திரையிலேயே போய்விட்டா.

அண்ணைக்கு வர முடியவில்லை. வேலையிடத்தில் தம்பி செத்துவிட்டானென்று அழுது லீவு கேட்டவர், திரும்பிப் போய் உண்மையையும் சொல்லித் தொலைத்திருந்தார். "இப்ப அம்மா செத்திட்டா எண்டால், போன முறை செத்தவர் எப்பிடி இருக்கிறார் எண்டு கேக்கிறாங்களடா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. செத்தவீட்டை நேரலையில் பார்த்தார். அம்மாவின் தலைமாட்டில் கமரா இருந்தது. அதைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

அம்மாவின் அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். எங்கும் போட முந்தி அண்ணிக்கு அனுப்பினேன். மருமகள் வரிசையில் ஒரே மருமகள். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சரி" என்றா.

இப்போது ஞாயிறுகளில் அண்ணை எனக்குத்தான் போன் எடுக்கிறார். எடுத்ததும், அறிவித்தல்களில் செத்தவரைச் சொல்வதுபோல, "அன்னார் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார். அவருடைய மகளுக்கு நான் 'அன்னார் சித்தப்பா'. அது என் பேர் என்றே பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அறிமுகங்களை எடுக்கச் சொல்லி நாற்பது தளங்களுக்கும் எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. அவற்றை நடத்தியவர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவையும் ஆளில்லாத வீடுகள்தான். போன ஞாயிறு அண்ணையிடம் சொல்லிக் கவலைப்பட்டேன்.

"விடு, கிடக்கட்டும். அதாலைதான் நான் அம்மாவை ஒருக்காப் பாத்தனான்" என்றார். பிறகு சொன்னார்: "எப்பிடியும் ஒருநாள் தேவைப்படுந்தானே. பேரெல்லாம் சரியாக் கிடக்கு. நாங்கள் திகதியை மட்டும் போட்டுவிடுறம்."