சத்தியப் பெட்டிக்கு முத்திரை போட்டது யார்?

நகராட்சி அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். வரிசை ஏழு மணிக்கே சேர்ந்துவிடும். குடிநீர் இணைப்பு கேட்டோ வீட்டு வரி கட்டவோ வந்த கூட்டம் இல்லை. அந்த ஜன்னல்களில் ஊழியர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் கீழ்த்தளத்து நாலாம் எண் அறைக்கு. அங்கேதான் சத்தியப் பெட்டி இருந்தது.

கறுப்புத் தகரத்தில் ஒரு பெட்டி. பக்கத்தில் ஒரு விசிறி. முன்னால் ஒரு திரை, அதில் ஓயாமல் நெளியும் கோடு. விரலில் கவ்வியை மாட்டிக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் பச்சை விளக்கு. பொய் சொன்னால் சிவப்பு விளக்கு, கூடவே 'பீங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு இதுவரை மூன்று கல்யாணங்களும் பதினொரு வேலைகளும் பலியாகியிருந்தன. மாமியார் மருமகளை இழுத்து வந்தாள். கடைக்காரர் தன்னிடம் வேலை செய்த இரண்டு பேரைக் கூட்டி வந்தார். அண்ணன் தம்பியைக் கூட்டி வந்தான். அடுத்த வாரம் தம்பி அண்ணனைக் கூட்டி வந்தான்.

பெட்டியை இயக்கியவர் தன்னை 'மெய்யறிஞர்' என்று சொல்லிக்கொண்டார். வெள்ளைக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி. "நரம்பின் நுண்ணலைகளைச் செயற்கை அறிவு அலசுகிறது" என்பார். யாருக்கும் புரியாது. புரியாததனாலேயே மரியாதை கூடியது. புரிகிற மாதிரி பேசுகிறவனை நம் ஊரில் யார் மதித்தார்கள்?

சிவப்பு விழுந்தவர்களையும் மெய்யறிஞர் கைவிடுவதில்லை. அவ்வளவு கருணை. "நரம்பு கலங்கியிருந்தாலும் சிவப்பு வரும். மூணு நாள் 'நரம்புச் சமன் பயிற்சி' எடுத்துட்டு மறுபடி வாங்க" என்பார். பயிற்சிக்குத் தனிக் கட்டணம். பயிற்சி எடுத்தவர்களுக்கு ஒருவர் விடாமல் பச்சை விழுந்தது. விஞ்ஞானம் அப்படித்தான், கட்டணம் கட்டினால் வேலை செய்யும்.

இதையெல்லாம் முத்திரையம்மா தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எடையளவு ஆய்வாளர். சந்தையில் உள்ள ஒவ்வொரு தராசையும் எடைக்கல்லையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை குத்துவது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. சிவப்பு விளக்கு அவள் தங்கைக்கு எரிந்தது.

தங்கை, அலுவலகத்தின் பின்கட்டில் இருந்த நகராட்சி மருந்தகத்தில் மருந்துக் காப்பாளர். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது குளிர்பெட்டி அணைந்து கிடந்தது. உள்ளே இருந்த தடுப்பூசி மருந்து முழுக்க வீணாகியிருந்தது. "நீங்கதான் சுவிட்சை அணைச்சிட்டுப் போனீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றாள். பீங்.

விசாரணை அதோடு முடிந்தது. யாரையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. நகராட்சி ஆணையர் ஒரு தாளில் 'பொய் எனச் சான்றளிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, பதினைந்து நாளில் வேலை நீக்கம் என்று எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம் தங்கை அக்கா வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அக்கா, ஒருவேளை நான்தான் அணைச்சிருப்பேனோ?"

"என்னடி உளர்றே?"

"கிளம்பறப்போ விளக்கை அணைச்சேன், மின்விசிறியை அணைச்சேன். கை பழக்கத்துல அதையும் அணைச்சிருந்தா? பெட்டி சும்மா சொல்லுமா?"

முத்திரையம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தகரப் பெட்டி, தன் தங்கையின் ஞாபகத்தையே அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.

தங்கையின் கணவன் வாசற்படியில் நின்றபடியே யோசனை சொன்னான். "அக்கா, பேசாம அந்தப் பயிற்சிக்குப் போயிடட்டும். மூணு நாள்தானே? பச்சை வந்துடும், வேலையும் போகாது."

"பயிற்சிக்குப் போனா பொய் உண்மையாயிடுமா மாப்பிள்ளை?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அரசாங்கமே கொண்டுவந்து வெச்சிருக்கு. சரியில்லாத பொருளை அரசாங்கம் வெக்குமா?"

மறுநாள் முத்திரையம்மா ஆணையரின் அறைக்குப் போனாள். ஆணையர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். முன்பெல்லாம் ஒரு புகார் வந்தால் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும், கோப்பைப் படிக்க வேண்டும், ஏன் இப்படி முடிவெடுத்தேன் என்று பக்கம் பக்கமாய் எழுத வேண்டும். இப்போது ஒரு 'பீங்' போதும். அலமாரியில் கோப்பே இல்லை. மேலிடத்தில் பாராட்டுகூடக் கொடுத்திருந்தார்கள்.

"சார், சந்தையில தக்காளி விக்கிற பெண்ணோட தராசுல முத்திரை இல்லன்னா நான் அபராதம் போடணும். சட்டம் அப்படி. ஒரு பிடி தக்காளி கூடக் குறைய இருந்துடக் கூடாதுன்னு."

"சரிம்மா. அதுக்கென்ன?"

"இந்தப் பெட்டி மனுஷனோட வேலையை நிறுக்குது, மானத்தை நிறுக்குது. இதைச் சோதிச்சு முத்திரை போட்டது யாரு?"

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நகராட்சி அங்கீகரிச்ச கருவி."

"அங்கீகரிச்சது யாரு சார்?"

"நான்தான்."

"எதைப் பார்த்து?"

"கூட்டத்தைப் பார்த்தீங்களா இல்லையா? அத்தனை ஜனம் நம்புது. சும்மாவா நம்புவாங்க?"

"ஜனத்தைக் கேட்டா, அரசாங்கம் வெச்சதாலதான் நம்பறோம்கிறாங்க."

ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

விஷயம் மெய்யறிஞர் காதுக்குப் போனது. அவர் பயப்படவில்லை, பூரித்துப்போனார். இப்படிப்பட்டவர்களுக்குச் சந்தேகப்படுகிறவன் இலவச விளம்பரம். "தாராளமா சோதிக்கட்டும்! எல்லார் முன்னாடியும் சோதிக்கட்டும்!" என்று வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி அறிவித்தார். கைதட்டல் எழுந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. நாலாம் எண் அறையிலும் தாழ்வாரத்திலும் எள் விழ இடமில்லை. ஆணையருக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். முத்திரையம்மா பத்துத் துணிப்பைகளோடு வந்தாள். வரிசையிலிருந்து பத்துப் பேரைக் கூப்பிட்டு எண் கொடுத்தாள்.

"ஆளுக்கு ஒரு பை தருவேன். பையில ஒரு கிலோ எடைக்கல்லும் இருக்கலாம், செங்கல் துண்டும் இருக்கலாம். திறந்து நீங்க மட்டும் பாருங்க. நான் வாயைக் கட்டி முத்திரை வெச்சிடுவேன். பெட்டி முன்னாடி உட்கார்ந்து, 'என் பையில எடைக்கல் இருக்கு'ன்னு எல்லாருமே சொல்லணும். யாரு சொல்றது உண்மை, யாரு சொல்றது பொய்ன்னு பெட்டி கண்டுபிடிக்கட்டும். பத்துப் பேரும் முடிக்கிற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பிறகு ஒரு சீட்டைக் காட்டினாள். "யார் பையில என்ன இருக்குங்கிற கணக்கு இதுல இருக்கு. கடைசியில சரிபார்க்கலாம்." சீட்டைத் தன் பதிவேட்டுக்குள் நுனி வெளியே தெரியச் செருகி, பதிவேட்டைப் பெட்டி இருந்த மேசைமேல் வைத்தாள். "சார், நீங்களும் வெளியே வந்து பை கொடுக்கறதைப் பாருங்க. சாட்சி வேணும்."

ஆணையர் எழுந்தார். எல்லோரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். மெய்யறிஞர் மட்டும் வரவில்லை. "கருவி தயாராகணும். பக்கத்துல ஆள் இருந்தா அலை கலையும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

முத்திரையம்மா பைகளை நிதானமாகக் கொடுத்தாள். ரொம்ப நிதானமாக. ஈய முத்திரையை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கதவு திறந்தபோது மெய்யறிஞர் புன்னகையோடு இருந்தார். அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சீட்டின் நுனி இப்போது பதிவேட்டுக்குள் ஒழுங்காக அடங்கியிருந்தது.

முதல் ஆள் உட்கார்ந்தார். "என் பையில எடைக்கல் இருக்கு." பச்சை.

இரண்டாவது ஒரு பேருந்து ஓட்டுநர். "என் பையில எடைக்கல் இருக்கு." பீங்! கூட்டம் ஓவென்று சிரித்தது. ஓட்டுநர் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வந்து, நிபந்தனை ஞாபகம் வந்து பல்லைக் கடித்தார்.

மூன்று, பச்சை. நான்காவது ஒரு கணக்கு ஆசிரியர். பீங்! ஆசிரியர் எழுந்துபோய் ஓரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, வெளியிலிருந்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். கண்ணால் பார்த்ததை, கையால் தூக்கியதை, அவர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். "ஒருவேளை நான்தான் சரியாப் பார்க்கலையோ" என்று உதடு அசைந்தது. இருபது வருஷம் பிள்ளைகளுக்கு நிரூபணம் சொல்லிக்கொடுத்தவர்! சுவரோரம் நின்ற தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவள் சமீபத்தில் கண்ணாடியில் பார்த்திருந்தாள்.

ஐந்து பச்சை, ஆறு பீங், ஏழு பச்சை, எட்டு பீங், ஒன்பது பச்சை. பத்தாவது ஒரு தையல்காரப் பெண்; மாமியார் இழுத்து வந்தவள். விரலில் கவ்வியோடு வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கண் திரையில் இல்லை, மெய்யறிஞரின் வலது முழங்காலில் இருந்தது. பீங்!

முத்திரையம்மா பதிவேட்டிலிருந்து சீட்டை எடுத்து ஆணையரிடம் நீட்டினாள். "சத்தமா படிங்க சார்."

"ஒன்று, எடைக்கல். இரண்டு, செங்கல். மூன்று, எடைக்கல். நான்கு, செங்கல்..." ஆணையரின் குரல் ஏறிக்கொண்டே போனது. "பத்து, செங்கல். அட, பத்துக்குப் பத்து!"

அறை அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். மெய்யறிஞர் கைகூப்பினார். "விஞ்ஞானத்தைச் சந்தேகப்பட்டவங்களை நான் மன்னிச்சுட்டேன்."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் முத்திரையம்மா. "இப்போ எல்லாரும் பையைத் திறங்க."

பத்து முத்திரைகள் உடைந்தன. பத்துப் பைகளிலிருந்தும் பத்து எடைக்கற்கள் மேசைமேல் டங் டங்கென்று விழுந்தன. செங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பத்துப் பேரும் சொன்னது உண்மை. பெட்டி அஞ்சு பேரைப் பொய்யன்னு சொல்லிச்சு. எந்த அஞ்சு பேரை? என் சீட்டுல நான் பொய்யா எழுதி வெச்ச அஞ்சு பேரை. பெட்டி யாரோட நரம்பையும் படிக்கல சார். என் கையெழுத்தைத்தான் படிச்சிருக்கு. ஐயாவுக்கு ஞாபகத்துல நிக்கணுமேன்னுதான் இரட்டைப்படை எண்ணாப் பார்த்து எழுதினேன்."

கணக்கு ஆசிரியர் தன் எடைக்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அலை கலங்கிடுச்சு... கூட்டம் அதிகம்..." என்று மெய்யறிஞர் தொடங்கினார்.

"அலையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் தையல்காரப் பெண். "ஒவ்வொரு பீங்குக்கும் இவர் கால் தைக்குது! பன்னெண்டு வருஷமா தையல் மிஷின் மிதிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?" குனிந்து, தரை வரை தொங்கிய மேசைத்துணியை ஒரே இழுப்பில் உருவினாள். கீழே, மெய்யறிஞரின் பளபளக்கும் காலணிக்கு அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு பொத்தான்கள். ஒன்றில் பச்சை நாடா சுற்றியிருந்தது, இன்னொன்றில் சிவப்பு. பாவம், அவருக்கே குழப்பம் வந்துவிடக் கூடாதே!

பொத்தானை முதலில் மிதித்துப் பார்த்தது ஓட்டுநர். பீங். பிறகு ஆசை தீரும் மட்டும் ஆளுக்கொரு முறை மிதித்தார்கள். மாமியார்க்காரி மட்டும் மருமகளைப் பார்க்காமல் சுவரில் இருந்த அறிவிப்பை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மெய்யறிஞர் காவல் நிலையத்துக்குக் கிளம்பும்போதும் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை.

ஆணையர் தன் அறைக்குப் போய், தான் முத்திரை குத்திய தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். "அவனைப் பிடிச்சுட்டோம். என்னைப் பிடிக்க யாரும் வரலையேம்மா" என்றார். முத்திரையம்மா அந்த வார்த்தைக்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தாள். கொஞ்சம்தான். பதினொரு வேலைகள் போயிருந்தன.

திங்கட்கிழமை, தங்கையின் வழக்கில் பழைய மாதிரி விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். ஒருவர் எழுந்துபோய் மருந்தகத்துச் சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. சத்தியப் பெட்டிக்குச் சூடு ஆகாது என்று நாலாம் எண் அறைக்குக் குளிர்சாதனம் வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரம் போதாமல், விடுமுறையன்று மருந்தகத்திலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி அந்த அறைக்கு இழுத்திருந்தார்கள். பிடுங்கியது மருந்துக் குளிர்பெட்டியின் கம்பி. உத்தரவில் கையெழுத்து ஆணையருடையது. தங்கை அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "அப்போ நான் அணைக்கல" என்றாள், தனக்குத்தானே.

அந்த வாரமே புது உத்தரவு வந்தது. மனிதரைப் பற்றி முடிவு சொல்லும் எந்தக் கருவியானாலும் முதலில் சோதிக்க வேண்டும். சோதித்த பிறகும் முடிவு அதிகாரியுடையது. காரணத்தை அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேலை போன பதினொரு பேருக்கும் மறுவிசாரணை.

முத்திரையம்மா அந்த உத்தரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் ஒருவர் வந்து கடைசி வரி வரை படித்தார்.

"அப்போ இனிமே எவன் உண்மை சொல்றான், எவன் பொய் சொல்றான்னு எப்படித்தாம்மா தெரிஞ்சுக்கறது?"

"கேளுங்க. இன்னொருத்தரையும் கேளுங்க. எழுந்துபோய்ப் பாருங்க. அப்புறம் யோசிங்க."

"அதுக்கெல்லாம் ரொம்ப நேரமாகுமே!" என்று சலித்துக்கொண்ட கடைக்காரர், குரலைத் தாழ்த்தி, "பக்கத்து ஊர்ல ஏதோ புதுசா வந்திருக்காமே, முகத்தைப் பார்த்தே சொல்லிடுமாம்?" என்றார்.

வந்திருக்கும். வராமல் என்ன? அதற்கு மூளை இருக்கிறதா இல்லையா என்று நிபுணர்கள் ஆராயட்டும். அதுவரை நம்மிடம் இருப்பதைக் கொஞ்சம் உபயோகித்துப் பார்த்தால், தேய்ந்தா போய்விடும்?